சொல்லக் கூடாத சொல்லைக் கேட்ட உப்புக்காரி

கேளுங்கள். கடல் இன்றைக்கு இருக்கும் இடத்துக்கு நாலு காதம் அப்பால் கிடந்த காலம். மங்கலபுரி என்று ஒரு நாடு, அதற்கு மங்கலமாறன் என்று ஒரு மன்னன். பிள்ளைகளும் இந்தக் கதையைக் கேட்கலாம். ஆனால் பெரியவர்களுக்குத்தான் இது அதிகம் தேவை. வாயை மூடிக்கொள்ளும் வித்தை அவர்களுக்குத்தானே நன்றாகத் தெரியும்.

மங்கலமாறன் கொடியவன் அல்லன். யாரையும் அடித்ததில்லை, யார் நிலத்தையும் பறித்ததில்லை. அவனுக்கு ஆசை ஒன்றே ஒன்றுதான். தன் காதில் கெட்ட சொல் விழக் கூடாது.

ஆகவே சட்டம் போட்டான். விளக்கு அணைந்தது என்று சொல்லக் கூடாது, குளிர்ந்தது என்று சொல்ல வேண்டும். வளையல் உடைந்தது என்று சொல்லக் கூடாது, பெருகியது என்று சொல்ல வேண்டும். அரிசி தீர்ந்தது என்று சொல்லக் கூடாது, நிறைந்தது என்று சொல்ல வேண்டும். தவறிச் சொன்னவர்கள் சந்தை நடுவில் நின்று சரியான சொல்லை ஆயிரம் தடவை சொல்ல வேண்டும்.

ஒரு வருடம் மழை பொய்த்தது. மன்னன் வீடு வீடாக ஆள் அனுப்பி அரிசி இருக்கிறதா என்று விசாரித்தான். நிறைந்திருக்கிறது என்று எல்லா வீட்டிலும் சொன்னார்கள். மன்னன் மகிழ்ந்து தன் களஞ்சியத்தைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டான். அந்த வருடம் மங்கலபுரியில் நிறைவு தாங்காமல் பலர் மெலிந்தார்கள்.

இறந்தார் என்ற சொல்லை என்ன செய்தான் என்று கேட்கிறீர்களா? அதற்கும் வழி கண்டான். விருந்துக்குப் போயிருக்கிறார் என்று சொல்ல வேண்டும். விருந்துக்குப் போனவருக்காக யாராவது அழுவார்களா? அழக் கூடாது. சிரித்த முகத்தோடு வழியனுப்ப வேண்டும்.

அந்த ஊரில் முரசு அறைபவன் சாத்தன். நாற்பது வயது. தினமும் விடிந்ததும் முரசு மண்டபத்தில் ஏறி மூன்று முறை அறைந்து மூன்று வாக்கியம் சொல்வான். ஊரார் நலம். கால்நடை நலம். மன்னர் நலம். இதைக் கேட்டபின்தான் மன்னன் பல் துலக்குவான்.

சாத்தனின் மனைவி வெண்ணி மாசி மாதக் காய்ச்சலில் போனாள். வெண்ணி விருந்துக்குப் போயிருக்கிறாளாமே என்று ஊரார் வந்து புன்னகை செய்துவிட்டுப் போனார்கள். மறுநாள் விடிந்ததும் சாத்தன் மண்டபத்தில் ஏறி ஊரார் நலம் என்றான். அதற்கு மறுநாளும் சொன்னான். அப்படியே பத்து மாதம் சொன்னான்.

அவனுக்குத் தூக்கம் போயிற்று. சோறு மண்ணாகத் தெரிந்தது. வெண்ணி இல்லாதது ஒரு காரணம், தூக்கம் இல்லாதது இன்னொரு காரணம். மூன்றாவது என்னவென்று அவனுக்கே தெரியாது. காலையில் எழுந்தால் மார்பின்மேல் யாரோ உட்கார்ந்திருப்பது போல் இருந்தது. யார் என்று பார்த்தால் யாரும் இல்லை.

தை மாதத்தில் ஒரு நாள் அவன் முரசை அறைந்தான். ஊரார் நலம் என்றான், கால்நடை நலம் என்றான், மன்னர் நலம் என்றான். பிறகு கொஞ்சம் நின்று, நான் போகிறேன் என்றான். சொல்லிவிட்டுப் படியிறங்கி வீட்டுக்கு நடந்தான்.

ஊர் நடுங்கிவிட்டது. சாத்தனை நினைத்து நடுங்கியது என்று எண்ணாதீர்கள். போகிறேன் என்று ஒருவன் சொல்லலாமா? போய் வருகிறேன் என்றல்லவா சொல்ல வேண்டும்? வருகிறேன் எங்கே, வருகிறேன் எங்கே என்று ஊரே தேடியது, தொலைந்த மாட்டைத் தேடுவது போல. முரசு மண்டபத்தில் நின்று அப்படிச் சொன்னானே என்று பெண்கள் வாசலில் மஞ்சள் நீர் தெளித்தார்கள். மன்னன் அன்று பல் துலக்கவில்லை.

அவையில் மூன்று அறிஞர்கள் இருந்தார்கள். இலக்கண ஆசான் ஒருவர், புலவர் ஒருவர், சோதிடர் ஒருவர். சாத்தனின் குறையைத் தீர்ப்பவருக்குப் பட்டுப் போர்த்துவதாக மன்னன் சொன்னான். மூவரும் தோளைப் பார்த்துக்கொண்டார்கள்.

முதலில் இலக்கண ஆசான் போனார். சாத்தன் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். ஆசான் எதிரே நின்று, உன் வாக்கியத்தில் ஒரு வினை குறைகிறது என்று விளக்கினார். அதை விட்டதால் பொருள் எப்படிக் கெடுகிறது என்று சான்றுகளோடு காட்டினார். பிறகு அவனைச் சந்தைக்கு அழைத்துப் போய், போய் வருகிறேன் என்று ஆயிரம் தடவை சொல்லவைத்தார். எழுநூறாவது தடவை சாத்தனின் குரல் உடைந்தது. உச்சரிப்பில் பிழை இல்லை என்று ஆசான் மெச்சினார்.

"குறை தீர்ந்தது, மன்னா" என்று அவர் வந்து சொன்னார்.

இரண்டாவதாகப் புலவர் போனார். அவர் இளகிய மனசுக்காரர், அதுதான் தொந்தரவு. உன்னைவிடத் துன்பப்படுகிறவர்களைப் பார் என்று ஆரம்பித்தார். ஒற்றைக் காலால் சிறப்புற்ற குயவனைப் பார், ஆறு பிள்ளைகளோடு தனிமை பூத்த நெசவுக்காரியைப் பார், படகு பெருகிப்போன பரதவனைப் பார் என்று மூன்று பேரை வரிசையாக நிறுத்தினார். அவர்களே சிரிக்கிறார்கள், உனக்கு என்ன வந்தது என்றார். அதுவரை சாத்தனுக்கு அவன் துன்பம் ஒன்றுதான் இருந்தது. புலவர் போனபின் குயவன் துன்பமும் நெசவுக்காரி துன்பமும் பரதவன் துன்பமும் சேர்ந்துகொண்டன. இவர்களுக்கு நடுவே துன்பப்பட எனக்கு என்ன தகுதி என்ற வெட்கம் ஐந்தாவதாக வந்து உட்கார்ந்தது.

"குறை தீர்ந்தது, மன்னா. அவன் பேச்சற்றுப் போய்விட்டான்" என்று புலவர் பெருமையாகச் சொன்னார்.

மூன்றாவதாகச் சோதிடர் போனார். ஓலையைப் பிரித்தார், விரலை மடக்கினார், முகம் மலர்ந்தார். கவலைப்படாதே, உனக்கு ஆயுள் தொண்ணூற்றேழு என்றார். அன்றைய மாலை வரை எப்படிப் போவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தவன் அவன். இன்னும் ஐம்பத்தேழு வருடம் இருக்கிறது என்று கேட்டதும் அவன் முகம் வெளுத்தது. ஆனந்தத்தில் வெளுத்தது என்று சோதிடர் குறித்துக்கொண்டார்.

"குறை தீர்ந்தது, மன்னா" என்றார் அவரும்.

மூவருக்கும் பட்டுப் போர்த்தினார்கள். அவர்கள் சொன்னது பொய்யும் இல்லை. சாத்தன் பாடம் கற்றுக்கொண்டான். எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் நலம் என்று சொன்னான். எங்கே கிளம்பினாலும் போய் வருகிறேன் என்று சுத்தமாகச் சொன்னான். ஒரு நாள் காலையில் அவன் முகத்தில் இருந்த பாரமும் இறங்கியிருந்தது. எதையோ முடிவு செய்துவிட்டவனின் முகம் அது. தேறிவிட்டான் என்று ஊரார் கைதட்டினார்கள்.

அன்றே அவன் பொருள்களைக் கொடுக்க ஆரம்பித்தான். தன் கம்பளியை அண்டைவீட்டுக்காரனுக்குக் கொடுத்தான். வெண்ணியின் வெண்கலக் குடத்தைத் தன் அக்காளுக்குக் கொடுத்தான். ஆகா, என்ன கொடை, என்ன கொடை என்று ஊர் வியந்தது. செய்தி மன்னன் காதுக்குப் போனது. அவன் மனம் குளிர்ந்து சாத்தனுக்குக் கொடைமுரசன் என்று பட்டம் அனுப்பினான். அந்தப் பட்டத்தை யாருக்குக் கொடுப்பது என்று சாத்தனுக்குத் தெரியவில்லை. திண்டாடிப்போனான்.

மிச்சம் இருந்தது ஓர் ஆடு. கருப்பு வெள்ளாடு, தாயில்லாக் குட்டியாக வந்து அவன் கையாலேயே பால் குடித்து வளர்ந்தது.

அன்று உப்பு வண்டி வந்திருந்தது. கடற்கரையிலிருந்து உப்பு கொண்டுவரும் கொற்றி சந்தை வேப்பமரத்தடியில் வண்டியை அவிழ்த்துப் போட்டிருந்தாள். மாதம் ஒரு முறை வருவாள். மங்கலபுரியில் விளக்கு வைத்தபின் உப்பு என்று சொல்லக் கூடாது, வெண்முத்து என்று சொல்ல வேண்டும். அது தெரியாமல் முதல் தடவை அவள் உப்பு உப்பு என்று கூவிவிட்டாள். வெண்முத்து என்று ஆயிரம் தடவை சொல்லவைத்தார்கள். கூட்டம் கூட்டமாக வந்தவர்கள் மூட்டையைப் பார்த்து, முத்து எங்கே என்று அவளைத்தான் திட்டினார்கள். அதிலிருந்து அவள் பகலிலேயே விற்றுவிட்டுப் போய்விடுவாள்.

உச்சிப் பொழுதில் சாத்தன் ஆட்டை இழுத்துக்கொண்டு வந்தான். கயிற்றை அவள் பக்கம் நீட்டினான். இதை நீ வைத்துக்கொள், எனக்கு இனித் தேவையில்லை என்றான்.

கொற்றி கயிற்றை வாங்கவில்லை. மாதாமாதம் இந்த ஆடு நக்குவதற்காக ஒரு பிடி உப்புக்கு அவளோடு சண்டை போட்டவன் அவன். பக்கத்துத் தெருக்காரன் தொட்டால்கூட அவனுக்குப் பொறுக்காது.

"இந்த ஆட்டுக்கு நீங்க முத்தம் குடுத்ததை நான் பார்த்திருக்கேன், அண்ணே. பொண்டாட்டிக்குத் தெரிஞ்சா அடிப்பான்னு சொல்லிச் சிரிச்சீங்க. இன்னைக்கு என்ன, எனக்குத் தர்றீங்க?"

சாத்தன் கயிற்றை வண்டிச் சக்கரத்தில் கட்டினான். "நலம், தாயி. போய் வருகிறேன்" என்றான்.

இலக்கண ஆசான் கேட்டிருந்தால் கண்ணில் ஒற்றிக்கொண்டிருப்பார். அவ்வளவு பிழையில்லாத வாக்கியம். கொற்றிக்கு இலக்கணம் தெரியாது. எப்படி இருக்கிறாய் என்று யாரும் கேட்காதபோது ஒருவன் நலம் என்று ஏன் சொல்கிறான் என்று மட்டும் அவளுக்குத் தோன்றியது. அவள் வண்டியிலிருந்து இறங்கி அவன் முன்னால் வந்து நின்றாள்.

"அண்ணே, செத்துப்போகணும்னு நெனைக்கிறீங்களா?"

உரக்கக் கேட்கவில்லை, ரகசியமாகவும் கேட்கவில்லை. எத்தனை படி வேண்டும் என்று கேட்கும் அதே குரலில் கேட்டாள்.

சந்தையில் கத்தரிக்காய் எடை போட்டவன் தராசை விட்டான். பெண்கள் காதைப் பொத்தினார்கள். ஒரு கிழவர் மூன்று முறை துப்பினார். பட்டுப் போர்வையோடு அந்தப் பக்கம் வந்த சோதிடர், இல்லாத எண்ணத்தை ஊட்டுகிறாள், பாவி என்று காவலரைத் தேடி ஓடினார். அவ்வளவு வேகமாக அவர் யாருக்காகவும் ஓடியதில்லை.

சாத்தன் மட்டும் அசையவில்லை. அந்தச் சொல்லை அவன் பல மாதமாகத் தனியாகச் சுமந்துகொண்டிருந்தான். இன்னொருவர் வாயில் அது வெறும் சொல்லாக இருந்தது. வானம் இடிந்து விழவில்லை. அவள் முகம் சுளிக்கவில்லை.

"ஆமாம்" என்றான்.

வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். பத்து மாதத்து அழுகை வந்தது. அது அழகாக இருக்கவில்லை. மூக்கு ஒழுகியது, மூச்சு திணறியது, ஆடு மிரண்டு கத்தியது. கொற்றி பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

அவள் அவனைத் திருத்தவில்லை. யாரோடும் ஒப்பிடவில்லை. ஆயுளைக் கணக்கிடவும் இல்லை. வெண்ணியைப் பற்றிச் சொல்லுங்க என்றாள். வேப்பமர நிழல் வண்டியின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போகும்வரை அவன் சொன்னான். வெண்ணி விருந்துக்குப் போகவில்லை, செத்துப்போய்விட்டாள் என்று அன்றுதான் முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னான்.

பிறகு அவள் இன்றைக்கா என்று கேட்டாள். அவன் தலையாட்டினான். எப்படி என்று கேட்டாள், அவன் சொன்னான். அது கதை கேட்கும் உங்களுக்கும் வேண்டாம், சொல்லும் எனக்கும் வேண்டாம். அவளுக்கு அது தேவைப்பட்டது, அதை அவன் கைக்கு எட்டாமல் செய்வதற்காக. தெரிந்தவர்கள் யார் இருக்கிறார்கள் என்று விசாரித்து, அவன் அக்காளுக்கு ஆள் அனுப்பினாள். வரும் வழியிலேயே அவன் வீட்டுக்குள் போய், அங்கிருந்து எடுக்க வேண்டியதை எடுத்துவிட்டு வரும்படி அக்காளுக்குச் சொல்லியனுப்பினாள்.

அதற்குள் காவலர்கள் வந்துவிட்டார்கள்.

"வர்றேன், ஓடிப்போக மாட்டேன்" என்றாள் கொற்றி. "ஆனா இவரைத் தனியா விட்டுட்டு வர மாட்டேன். அக்கா வந்து பக்கத்துல உட்காரட்டும்."

அக்காள் வந்ததும் தம்பியின் தலையில் ஒரு குட்டு வைத்தாள். பிறகு அந்தத் தலையைக் கட்டிக்கொண்டாள்.

"தினமும் வாசல்ல நின்னு எப்படிடா இருக்கேன்னு கேட்டேனே."

"நலம்னு சொன்னேனே, அக்கா."

"நீ சொன்னதை நானும் நம்பினேனே, மடச்சி."

அவையில் மன்னன் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சோதிடர் குற்றம் சொன்னார். தெளிந்திருந்தவன் மனத்தில் இவள் அந்த எண்ணத்தை விதைத்துவிட்டாள், கேட்டிருக்காவிட்டால் அவனுக்குத் தோன்றியிருக்காது என்றார். அவை முழுதும் தலையாட்டியது.

கொற்றிக்கு அவை மொழி தெரியாது. தனக்குத் தெரிந்த மொழியில் கேட்டாள்.

"நான் கேட்டதாலதான் அவருக்கு அந்த எண்ணம் வந்துச்சுன்னா, நான் கேக்குறதுக்கு முன்னாடியே ஆட்டை ஏன் கொண்டாந்து கட்டினார், சாமி?"

சோதிடர் ஓலையைப் பார்த்தார். அதில் ஆட்டைப் பற்றி ஒன்றும் இல்லை.

நீங்கள் மூவரும் போனீர்களே, ஒருவராவது இதைக் கேட்டீர்களா என்று மன்னன் கேட்டான். புலவர் தன் போர்வையின் சரிகையை எண்ணினார். அந்தச் சொல்லைச் சொல்ல என் நாக்கு கூசியது என்று இலக்கண ஆசான் தாழ்ந்த குரலில் ஒப்புக்கொண்டார்.

"நாக்கு கூசினா கூசிட்டுப் போகட்டும், ஆசானே. ஆளு இருக்கணும்ல?" என்றாள் கொற்றி.

மன்னன் அவளை விடுவித்தான். அவள் உடனே ஊர் திரும்பவில்லை. ஒன்பது நாள் வண்டி வேப்பமரத்தடியிலேயே நின்றது. தெற்குத் தெரு மருத்துவச்சியை அழைத்து வந்தாள். மருத்துவச்சி தூக்கத்துக்குக் கஷாயம் கொடுத்தாள், தினமும் வந்து நாடி பார்த்தாள். அக்காளும் அண்டைவீட்டுக்காரனும் கத்தரிக்காய்க்காரனும் முறை வைத்துக்கொண்டு சாத்தனோடு இருந்தார்கள். கத்தரிக்காய்க்காரன் வாய் ஓயாத ஆள். அவன் முறை வந்தால் சாத்தன் தூங்குவது போல் நடித்தான், சில நாள் நிஜமாகவே தூங்கிவிட்டான்.

சாத்தன் உடனே சரியாகிவிட்டான் என்று நான் சொன்னால் நீங்கள் நம்ப வேண்டாம். நல்ல நாள் வந்தது, கெட்ட நாளும் வந்தது. கெட்ட நாள் வந்தால், இன்று கெட்ட நாள் என்று வாய்விட்டுச் சொன்னான். கேட்டவர்கள் முதலில் காதைப் பொத்தினார்கள். பிறகு பாய் கொண்டுவந்து பக்கத்தில் போட்டுக்கொண்டார்கள்.

இந்த இடத்தோடு நிறுத்தினால் நல்ல கதை. ஆனால் மன்னர்கள் எதையும் நல்ல இடத்தில் நிறுத்துவதில்லை.

மங்கலமாறன் புதுச் சட்டம் போட்டான். குடிகள் அனைவரிடமும் அந்தக் கேள்வியைக் கேட்டாக வேண்டும். கேள்வி அதிகாரிகள் என்று இருபது பேரை நியமித்தான். ஒவ்வொருவருக்கும் ஒரு குடை, ஒரு சுண்ணாம்புக் கலயம். வாசலில் நின்று சாக நினைக்கிறாயா என்று கேட்க வேண்டும், கதவில் ஒரு சுண்ணாம்புப் பொட்டு வைக்க வேண்டும், அடுத்த வீட்டுக்குப் போக வேண்டும். முதல் நாள் உச்சிப் பொழுதுக்குள் நானூறு கதவு வெள்ளையாயிற்று. நெசவுத் தெருவில் ஒரு பெண் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். அதிகாரி இரண்டு வீடு தாண்டிப் போயிருந்தார். அக்கறையில் எங்களுக்கு இணை எந்த நாடு என்று அவையில் பேசிக்கொண்டார்கள்.

சட்டம் எல்லாருக்கும் பொது. மூன்றாம் நாள் காலை கேள்வி அதிகாரி அரண்மனைக்கும் வந்தார். மன்னன் முற்றத்தில் தனியாக உட்கார்ந்திருந்தான். அதிகாரி வணங்கினார், கேட்டார், தூணில் பொட்டு வைத்தார், குடையை விரித்துக்கொண்டு போனார்.

மன்னன் வாய் திறந்தபடி இருந்தது. சொல்ல வந்தது உதட்டிலேயே நின்றது. கேட்டவர் தெருமுனையில் இருந்தார்.

முற்றத்தின் ஓரத்தில் முரசு வாரை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்த சாத்தன் இதைப் பார்த்தான். மன்னன் முன்னால் யாரும் உட்காரக் கூடாது என்பது அந்த நாட்டு முறை. சாத்தன் வாரை அப்படியே விட்டுவிட்டு வந்து, மன்னன் ஆசனத்தின் கீழ்ப்படியில் உட்கார்ந்தான். முற்றத்தில் வெயில் ஏறியது. காக்கை வந்தது, போனது. சமையற்காரர் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

வெகுநேரம் கழித்து மன்னன் பேசினான். மங்கலச் சொல் எதுவும் அவன் வாயில் அகப்படவில்லை.

"அந்தக் கேள்வியை நீ ஒரு தடவை கேள், சாத்தா."

"கேட்கிறேன், அரசே" என்று சாத்தன் காலை மடக்கி வசதியாக உட்கார்ந்துகொண்டான். "எனக்கு வேறு எங்கும் போக வேண்டியதில்லை."

கதையைக் கேட்டவர்களே, நீதியையும் கேட்டுக்கொள்ளுங்கள்: துன்பத்தில் இருப்பவரிடம் சாக நினைக்கிறாயா என்று நேராகக் கேளுங்கள், கேட்டபின் அவர் சொல்லி முடித்து வேறு துணையும் வந்து சேரும்வரை எழுந்து போகாதீர்கள்.